வளையத்துக்கு வெளியே

“சார், ஜோன் 16 எம்எம் வந்திருக்கு!”

மார்ச் மாதம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் ஆய்வகங்கள் பக்கம் போனால் இந்தக் குரல் காதில் விழும். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு புராஜெக்ட் முடிக்கும் நேரம். செய்முறை ஊருக்கு ஊர் பெரிதாக மாறாது. துளசி, ஆடாதொடை, குப்பைமேனி, நொச்சி என்று ஏதோ ஒரு செடி. இலையைக் கழுவி, நறுக்கி, கொதிக்கவைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். 90 மில்லி சில்வர் நைட்ரேட் கரைசலில் இந்தக் கஷாயத்தை 10 மில்லி ஊற்றிவைத்தால், தெளிந்த தண்ணீராக இருந்தது மெல்ல மஞ்சளாகும், தேன் நிறமாகும், சாயங்காலத்துக்குள் காப்பி டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். இலைச்சாற்றில் உள்ள வேதிப்பொருள்கள் வெள்ளி அயனிகளுக்கு எலக்ட்ரானைக் கொடுத்திருக்கின்றன. அயனிகள் அணுக்களாகி, அணுக்கள் கூடித் துகள்களாகத் திரண்டுவிட்டன. வெள்ளி வெள்ளையாகத் தெரிவது கொலுசில்தான். பத்திருபது நானோமீட்டருக்கு நுணுகிவிட்டால் அதன் எலக்ட்ரான்கள் ஊதாவும் நீலமுமான ஒளியை விழுங்கிவிட்டு மிச்சத்தை மஞ்சளாக வெளியே விடுகின்றன.

அடுத்தது அகார் தட்டு. ஈ.கோலை, ஸ்டபைலோகாக்கஸ் என்று நான்கைந்து பாக்டீரியாக்களைத் தனித்தனித் தட்டுகளில் பூசி, கரைசலில் நனைத்த காகித வில்லையை நடுவில் வைத்து, இரவு முழுக்க 37 டிகிரியில் விட வேண்டும். காலையில் தட்டெங்கும் பாக்டீரியா பாலாடை போலப் படர்ந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் ஒன்றும் வளராத தெளிவான வட்டம். அதைத்தான் ஸ்கேல் வைத்து அளந்து ‘ஜோன்’ என்கிறார்கள். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தார் 2004இல் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு பொன், வெள்ளித் துகள்களைத் தயாரித்துக் காட்டிய பிறகு இந்தப் பாதையில் கூட்டம் கூடிவிட்டது. இனி வேலியோரச் செடிகளில் எது பாக்கி என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

பொய்யான வட்டம் என்று நான் சொல்லவரவில்லை. வெள்ளி பாக்டீரியாவைக் கொல்கிறது. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தத் தட்டில் கொன்றது யார்? துகளா, துகளாக மாறாமல் கரைசலிலேயே தங்கிவிட்ட சில்வர் நைட்ரேட்டா, அல்லது இயல்பிலேயே கிருமியை அடக்கும் குணமுள்ள இலைச்சாறா? வெறும் சில்வர் நைட்ரேட்டுக்கு ஒரு வில்லை, வெறும் சாற்றுக்கு ஒரு வில்லை, துகளைச் சுழற்றிப் பிரித்தெடுத்த பிறகு மேலே நிற்கும் தெளிந்த நீருக்கு ஒரு வில்லை என்று வைத்துப் பார்த்தாலொழிய பதில் கிடைக்காது. இந்த மூன்றும் இல்லாத ஆய்வேடுகளை நிறையவே பார்த்துவிட்டேன். வட்டத்தின் அளவையும் அப்படியே நம்ப முடியாது. அது அகாரில் வெள்ளி எவ்வளவு தூரம் நகர முடிந்தது என்பதையும் சேர்த்தே அளக்கிறது. வெள்ளி அகாரில் திணறித் திணறித்தான் நகரும். ஊடகத்தில் உள்ள குளோரைடும் புரதமும் வழியிலேயே அதைப் பிடித்துக்கொள்கின்றன.

கொல்வது யார் என்ற கேள்விக்கு நறுக்கென்று விடை தேடியவர்கள் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார். வெள்ளித் துகள் அயனியாகக் கரைய ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனே இல்லாத பெட்டிக்குள் துகளைத் தயாரித்து, அதே பெட்டிக்குள்ளேயே ஈ.கோலையின் மேல் விட்டால் என்ன ஆகும்? ஒன்றுமே ஆகவில்லை. அயனியாக இருந்தால் கொல்லப் போதுமான அளவைப்போல ஏழாயிரம் மடங்குக்கு மேல் துகளைக் கொட்டியும் பாக்டீரியா பாட்டுக்கு உயிரோடு இருந்தது. காற்றுப் பட்டதும், துகள் கரையத் தொடங்கியதும், சாவு தொடங்கியது. 2012இல் வெளியான இந்த ஆய்வு இன்னொன்றையும் கண்டது: கொல்லும் அளவுக்குக் கீழே வெள்ளியைக் கொடுத்தால் பாக்டீரியா தளர்வதற்குப் பதில் தெம்பாகிவிடுகிறது. அரைகுறை மருந்து கிருமிக்கு டானிக்.

ஆக, துகளை வண்டி என்றும் அயனியைச் சரக்கு என்றும் வைத்துக்கொள்ளலாம். செல்லின் தோலில் ஒட்டிக்கொண்டு, அங்கேயே சரக்கை இறக்கும் வண்டி. வண்டி சிறிதாகச் சிறிதாக இறக்கும் வேகம் கூடும். ஒரு சென்டிமீட்டர் கனசதுர வெள்ளியை எடுத்துக்கொள்வோம். பத்தரை கிராம், ஒன்றேகால் பவுனுக்குச் சற்று மேல். அதன் ஆறு பக்கங்களையும் கூட்டினால் ஆறு சதுர சென்டிமீட்டர், ஒரு தபால் தலை அளவு. அதையே பத்து நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். மனைக் கணக்கில் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிரவுண்டு. எடையில் ஒரு குன்றிமணி கூடவில்லை. தண்ணீரும் ஆக்சிஜனும் தொடும் இடம்தான் இப்படி விரிந்துவிட்டது.

வெளியே வந்த அயனி என்ன செய்கிறது? இதற்கு விடை வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. வெள்ளிக் கொலுசு ஏன் கறுக்கிறது? வியர்வையிலும் காற்றிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடி வெள்ளி சல்பைடாகப் படிவதால். திருநீறு போட்டுத் தேய்க்கிறோமே, அந்தக் கறுப்புதான். வெள்ளிக்குக் கிருமியைத் தெரியாது, கந்தகத்தைத் தெரியும். பாக்டீரியாவின் மூச்சு நொதிகளில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தையால் தொகுதிகள் இருக்கின்றன. வெள்ளி அயனி அவற்றைக் கவ்விக்கொண்டால் நொதியின் மடிப்புக் குலைகிறது, ஆற்றல் உற்பத்தி நிற்கிறது, சவ்வு கசிகிறது, ஆக்சிஜனின் வம்புபிடித்த வடிவங்கள் பெருகி மிச்சத்தையும் சிதைக்கின்றன. ஒரு நொதியைக் குறிவைக்கும் ஆன்டிபயாடிக் போலன்றி ஒரே நேரத்தில் பல இடங்களில் கைவைப்பதுதான் வெள்ளியின் பலம். கொன்ற பிறகும் வெள்ளி தீர்ந்துபோவதில்லை. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தார் 2015இல், வெள்ளியால் செத்த சூடோமோனாஸ் பாக்டீரியாக்களைக் கழுவி எடுத்து உயிருள்ளவற்றோடு கலந்தார்கள். பிணங்களில் தேங்கியிருந்த வெள்ளி கசிந்து உயிரோடிருந்தவற்றையும் கொன்றது. ‘ஜோம்பி விளைவு’ என்று பெயர் வைத்தார்கள். நம் ஊராக இருந்தால் பேய் பிடித்த கதை என்றிருப்போம்.

இதில் பலவும் புதிதல்ல. சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் கார்ல் நெகேலி, கண்ணுக்கோ நாக்குக்கோ எட்டாத அளவு உலோகம் கரைந்த நீரில் ஸ்பைரோகைரா பாசி சாவதைக் கவனித்து அதற்கு ‘ஒலிகோடைனமிக்’ விளைவு என்று பெயரிட்டார். அவர் இறந்த பிறகு 1893இல்தான் அந்த ஆய்வு அச்சேறியது. ஜெர்மனியின் லைப்சிக்கில் மகப்பேறு மருத்துவர் கிரெடே 1880களின் தொடக்கத்திலேயே பிறந்த குழந்தைகளின் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டுப் பார்வையிழப்பைத் தடுத்தார். அவருடைய மகன், அறுவை மருத்துவர், கூழ்மவெள்ளியை மருந்தாக்கினார். பிலடெல்பியாவின் கேரி லீ 1889இல் சிட்ரேட்டைக் கொண்டு தயாரித்த வெள்ளிக் கூழ்மத்தின் துகள்கள் பத்து நானோமீட்டருக்கும் சிறியவை. நானோ என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே நானோ வெள்ளி வந்துவிட்டது. ‘புரட்சிகரப் புதுத் தொழில்நுட்பம்’ என்று விளம்பரத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கேரி லீயின் நினைவு வரும்.

மருத்துவத்தில் வெள்ளி அதிகம் நின்று நிலைத்த இடம் தீக்காயம். நம் ஊர் மருத்துவமனைகளில் வெந்த இடத்தில் அப்பும் வெள்ளைக் களிம்பு பெரும்பாலும் 1968இல் சார்லஸ் ஃபாக்ஸ் அறிமுகப்படுத்திய சில்வர் சல்ஃபாடையசின்தான். அரை நூற்றாண்டாகக் கை தானாகப் போகும் களிம்பு. ஆனால் காயங்களில் வெள்ளியைச் சோதித்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, வெள்ளி தொற்றைத் தடுக்கிறது, காயத்தை ஆற்றுகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. சல்ஃபாடையசின் ஆறுவதைத் தாமதப்படுத்தவும் கூடும் என்ற ஐயத்தையும் எழுப்பியது. தட்டில் 16 மில்லிமீட்டர் வட்டம் போட்ட அதே வெள்ளிதான். காயம் அகார் தட்டு அல்ல. அங்கே சீழும் புரதமும் குளோரைடும் உண்டு, பாக்டீரியாவுக்குப் பக்கத்திலேயே புதிதாக முளைக்கும் தோல் செல்லும் உண்டு. அந்த செல்லின் நொதிகளிலும் கந்தகம்தான்.

நச்சுத்தன்மை என்று நாம் தனி அத்தியாயமாக எழுதுவது வெள்ளிக்கு ஒரே காரியம். பாக்டீரியாவில் நடந்தால் மருத்துவம், நம் செல்லில் நடந்தால் நஞ்சு. நம் செல்கள் இதில் இன்னும் ஒரு படி ஏமாளிகள்: துகளை உணவுபோல விழுங்கி, அமிலத்தன்மை மிகுந்த லைசோசோம் பைக்குள் வைத்துக்கொள்கின்றன. அமிலத்தில் துகள் வேகமாகக் கரைகிறது. வண்டியை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தியது போலத்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆஷாராணியும் உடனிருந்தவர்களும் 2009இல் மனித நுரையீரல் நார்ச்செல்களிலும் மூளைப் புற்றுச் செல்களிலும் நடத்திய சோதனையில் மைட்டோகாண்ட்ரியா பழுதடைவதும் டிஎன்ஏ சிதைவதும் தெரிந்தன.

கண்ணாடிக் குப்பியில் வளரும் செல்லுக்கு நேர்ந்தது முழு உடம்புக்கும் நேருமா? யூட்டா பல்கலைக்கழகத்தில் தன்னார்வலர்களுக்கு 14 நாள்கள் வரை கடையில் விற்கும் நானோ வெள்ளிக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி மருத்துவரீதியாகப் பொருட்படுத்தும்படியான மாற்றம் எதுவும் தெரியவில்லை. பதினான்கு நாள் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். நெதர்லாந்தில் எலிகளுக்கு 28 நாள்கள் வெள்ளி புகட்டி, நிறுத்திய எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலான உறுப்புகளிலிருந்து வெள்ளி வெளியேறியிருந்தது. மூளையிலும் விரையிலும் மட்டும் தங்கிவிட்டது. துகளைத் தராமல் வெறும் அயனியை மட்டும் கொடுத்த எலிகளின் உடம்பிலும் நானோ துகள்கள் இருந்தன. துகள் அயனியாகிறது, அயனி மறுபடி துகளாகிறது. வண்டி, சரக்கு என்று நான் மேலே பிரித்துக் காட்டிய கணக்கு உடம்புக்குள் போனதும் குழம்பிவிடுகிறது.

தோலில் இந்தக் குழப்பத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். கூழ்மவெள்ளியை ஆண்டுக்கணக்காகக் குடிப்பவர்களின் முகமும் நகமும் நீலம் கலந்த சாம்பல் நிறமாகிவிடுகின்றன. ‘ஆர்ஜீரியா’ என்று பெயர். 2000 பிறந்தால் கணினிகள் நின்று ஆன்டிபயாடிக்குக்குத் தட்டுப்பாடு வரும் என்று பயந்து வீட்டிலேயே கூழ்மவெள்ளி தயாரித்துக் குடித்தார் அமெரிக்காவின் மொன்டானா மாநில அரசியல்வாதி ஸ்டான் ஜோன்ஸ். கணினிகள் நிற்கவில்லை. 2002இல் செனட் தேர்தலுக்கு நீல முகத்தோடு நின்றார். குடலில் கரைந்த வெள்ளி, புரதங்களின் தையாலில் தொற்றிக்கொண்டு ரத்தத்தில் ஊர்ந்து, தோலுக்கு வந்ததும் வெயில் பட்டு உலோகமாகிறது; பிறகு கந்தகத்தோடும் செலினியத்தோடும் சேர்ந்து அங்கேயே உறைகிறது. பழைய ஸ்டூடியோ இருட்டறையில் கறுப்பு-வெள்ளைப் படம் கழுவினோமே, அதே வேதியியல். ஹைப்போவில் முக்கிக் கழுவிவிட முடியாது என்பதுதான் வித்தியாசம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், வாழ்நாள் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 10 கிராம் வெள்ளி உடம்புக்குள் போனால் பாதகமில்லை. ஒரு ஜோடி கனத்த மெட்டியின் எடை. குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்ற வரம்பு இந்தக் கணக்கையொட்டியது. இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர் விதியிலும் அதே எண்தான்.

மூச்சுவழி போவது இன்னும் கவலைக்குரியது. கொரியாவில் எலிகளை 90 நாள்கள் நானோ வெள்ளி கலந்த காற்றில் வைத்தபோது நுரையீரலும் கல்லீரலும் பாதிப்புக் காட்டின. இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில் அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனம் 2021இல் தொழிற்கூடக் காற்றுக்கு ஒரு பரிந்துரை வைத்தது: பொதுவாக வெள்ளிக்குக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம், நானோ வெள்ளிக்கு 0.9 மைக்ரோகிராம். அதே உலோகம்தான், நுணுக்கினால் வரம்பு பத்தில் ஒன்றுக்கும் கீழே.

*

காலுறையில் நானோ வெள்ளி எதற்கு? நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியாவை ஒழிக்க. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2008இல் கடையில் வாங்கிய ஆறு வகைக் காலுறைகளைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினார்கள். சிலவற்றில் நாலு துவைப்பிலேயே வெள்ளி ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. சில கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. காலில் பாக்டீரியா செத்ததோ இல்லையோ, சாக்கடைக்கு வெள்ளி வந்துசேர்ந்தது.

சாக்கடையில் ஒரு நல்ல காரியம் நடக்கிறது. அங்கே அழுகிய முட்டை நாற்றம் வீசுகிறதே, அந்த ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியைப் பிடித்துக் கறுப்பாக்கிவிடுகிறது. வெள்ளி சல்பைடு தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது; கரையாததற்கு நச்சும் குறைவு. கழிவுநீர்ச் சேற்றில் நானோ அளவு வெள்ளி சல்பைடுத் துகள்கள் இருப்பதை 2010இல் நேரடியாகவே கண்டறிந்தார்கள். கொலுசைக் கெடுக்கும் கந்தகம் இங்கே ஊரைக் காக்கிறது. ஆனால் இந்தக் காவல் கந்தகம் மிகுந்த சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கும் இடத்தில்தான். நேரே வாய்க்காலிலோ ஏரியிலோ கலந்தால்?

அந்தக் கேள்விக்காகவே ஓர் ஏரியைக் கொடுத்தார்கள். கனடாவின் ஒன்டாரியோவில், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் ஒன்றான 222ஆம் ஏரியில் 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 15 கிலோ நானோ வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார்கள். நீரில் இருந்தது லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான். நாம் குடிக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் அளவைவிட மிகக் குறைவு. மீன்கள் கரையில் செத்து மிதக்கும் காட்சி எதுவும் நடக்கவில்லை. நடந்தது மெதுவானது: மஞ்சள் பெர்ச் மீன்கள் முன்பைவிடக் குறைவாகத் தின்றன, அவற்றின் எண்ணிக்கை சரிந்தது; பெர்ச்சைத் தின்னும் பைக் மீனின் கல்லீரலில் வெள்ளி ஏறியது. நன்னீர் மீனுக்கு நம்மைப்போல இல்லை, வெள்ளியால் ஆபத்து அதிகம். உப்பில்லாத நீரில் வாழும் மீன் செவுள் வழியாகத்தான் சோடியத்தை இழுத்துச் சேர்க்கிறது. அதற்கான நொதியை வெள்ளி அயனி மடக்கிவிட்டால் ரத்தத்திலிருந்து உப்பு வடிந்துபோகிறது. கடல் மீனுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. கடல்நீரில் குளோரைடு வெள்ளியைக் கட்டிப்போடுகிறது.

சட்டம் இதையெல்லாம் எப்படிக் கையாள்கிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான வழக்கு உண்டு. துணிக்கான ஒரு நானோ வெள்ளிப் பொருளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011இல் நிபந்தனை அனுமதி தந்தது. துணியைச் சப்பும் சிறு குழந்தைக்குப் போகும் வெள்ளியைக் கணக்கிட்டு, பாதுகாப்பு இடைவெளி 1,000 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் கவலைக்குரியது என்று அந்த முகமையே விதி வைத்திருந்தது. கணக்குப் போட்டதில் ஒரு விடை சரியாக 1,000 வந்தது. கவலையில்லை என்று எழுதிவிட்டார்கள். ‘அல்லது’ என்ற சொல்லைச் சுட்டிக்காட்டி 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியின் அந்தப் பகுதியை ரத்து செய்தது. அறிவியல் தீர்க்காததை இலக்கணம் தீர்த்துவைத்தது.

எதிர்ப்புத்திறன் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பல இடங்களில் தாக்குவதால் வெள்ளிக்குப் பாக்டீரியா பழகவே முடியாது என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாஸ்டனில் ஒரு தீக்காய வார்டில் சில்வர் நைட்ரேட்டுக்கு மசியாத சால்மொனெல்லா பரவி, நோயாளிகள் சிலர் இறந்து, வார்டையே மூட நேர்ந்த செய்தி 1975இல் லான்செட்டில் வந்துவிட்டது. அந்தக் கிருமியின் பிளாஸ்மிடில் இருந்த மரபணுக்கள், வெள்ளியைக் கவ்விப்பிடித்து வெளியே இறைக்கும் புரதங்களுக்கானவை. 1999இல் அவற்றை வரிசைப்படுத்திய குழுவின் தலைவர் பெயர் சைமன் சில்வர். (நான் கட்டிய கதையல்ல.) 2018இல் செக் ஆய்வாளர்கள் இன்னொரு தந்திரத்தைக் கண்டார்கள்: கொல்லாத அளவு நானோ வெள்ளியில் திரும்பத் திரும்ப வளர்த்தபோது, ஈ.கோலை தன் கசையிழைப் புரதத்தை வெளியே விட்டுத் துகள்களைத் திரளவைத்துவிட்டது. திரண்ட துகளுக்குப் பரப்பு ஏது?

இப்படியெல்லாம் சொன்னதால் நானோ வெள்ளியையே ஒதுக்கிவைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பிடித்த வேலை ஒன்று சென்னையில் நடந்தது. ஐஐடியில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு, இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானையும் அலுமினியச் சேர்மம் ஒன்றையும் கொண்டு நுண்கூண்டு கட்டி, அதற்குள் வெள்ளித் துகளைப் பூட்டியது. துகள் வெளியே வராது. அயனி மட்டும் கசியும். நம் கடினநீரில் வெள்ளியின் மேல் உப்புப் படிந்து வேலை நின்றுபோவது பழைய தலைவலி. கூண்டு அதையும் தடுத்தது. 2013இல் வெளியான கட்டுரைப்படி நீரில் கசியும் வெள்ளி லிட்டருக்கு 40 மைக்ரோகிராம், கூடக் குறைய 10. சட்ட வரம்பு 100. குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு இரண்டரை டாலர் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். இவர்கள் ஜோன் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கவில்லை. எவ்வளவு, எத்தனை நாளைக்கு, மிச்சம் எங்கே போகும் என்று கேட்டு அதற்கேற்பப் பொருளைக் கட்டினார்கள்.

கல்லூரி ஆய்வகத்துக்குத் திரும்புகிறேன். வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாள் கூம்புக்குடுவைகளைக் கழுவும் வேலை. டிகாஷன் நிறக் கரைசலை மாணவி தொட்டியில் ஊற்றுகிறார், குழாயைத் திறந்துவிடுகிறார். 90 மில்லி சில்வர் நைட்ரேட், ஒரு மில்லிமோலார். அதில் வெள்ளி ஏறக்குறைய பத்து மில்லிகிராம். குடிநீர் வரம்புக்குக் கொண்டுவர நூறு லிட்டர், அதாவது ஆறேழு குடம் தண்ணீர் வேண்டும். மேசையில் இன்னும் பதினோரு குடுவைகள் இருக்கின்றன. வெளியே அந்தக் குழாய் எந்தச் சாக்கடையில் சேர்கிறது என்று கேட்டேன். கட்டடத்துக்குப் பின்னால், தோட்டத்துக்கு, என்றார்.